ஆபரேஷனுக்கு அப்புறம் அண்ணன் பழைய அண்ணனாக இருப்பாரா?

மருந்துக்கு மசியாத ஓசிடிக்கும் (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) கடும் மனச்சோர்வுக்கும் மூளையில் அறுவை சிகிச்சை செய்வது இன்றும் உண்டு என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் "குணமாகுமா?" என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லோருக்கும் ஒரே பயம், புத்திக்கு என்ன ஆகும் என்பது. எனவே இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: என் அண்ணனுக்கு 18 வயதில் ஓசிடி வந்தது, இப்போது 36. குளிக்கப் போனால் அரை நாள் ஆகும். கை கழுவிக் கழுவித் தோல் உரிந்து கிடக்கிறது. மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று, பயிற்சி சிகிச்சையும் பல சுற்று முடிந்தது. இப்போது டாக்டர்கள் கேப்சுலோடமி என்கிறார்கள். "இருக்கிற புத்தியும் போயிடும், நம்ம முகமே மறந்துடும்" என்று அம்மா அழுகிறார். அண்ணன் கணக்கில் புலி. ஆபரேஷனுக்கு அப்புறம் பழைய அண்ணனாக இருப்பாரா?

பதில்: முகம் மறக்காது. முதலில் அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். புது நினைவுகளைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் மூளையின் பக்கவாட்டு மடலின் உட்புறத்தில் இருக்கிறது, கேப்சுலோடமி அந்தப் பக்கமே போவதில்லை. அம்மாவின் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1953-ல் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இரண்டு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்தார்கள். 2008-ல் இறக்கும்வரை அவரால் புதிதாகச் சந்தித்த ஒருவரைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மூளை ஆபரேஷன் என்றதும் நினைவு போய்விடும் என்று ஜனங்கள் நினைப்பதற்கு அந்த மாதிரிக் கதைகளும் ஒரு காரணம், ஆனால் அது வேறு இடம், வேறு நோய்.

உங்கள் அண்ணனுக்குச் சொல்லியிருப்பது, மூளையின் முன்பகுதியையும் நடுவில் உள்ள தாலமஸையும் இணைக்கிற நரம்பிழைக் கற்றையில் வெப்பத்தாலோ காமா கதிராலோ சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சின்னப் புண்ணை உண்டாக்குவது. ஓசிடியில் அந்தச் சுற்றுப்பாதை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் நோக்கம். கணக்குப் போடும் திறன், மொழி, பொது அறிவு இதெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் எழுத மாட்டேன். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கேப்சுலோடமி செய்துகொண்ட 25 ஓசிடி நோயாளிகளைச் சராசரியாகக் கிட்டத்தட்ட 11 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்து 2008-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். 12 பேருக்கு நோய் நன்றாகக் குறைந்திருந்தது, அதில் 9 பேருக்கு லேசான அளவுக்கு இறங்கியிருந்தது. அதே 25 பேரில் 10 பேருக்குத் திட்டமிட்டுச் செயல்படுவதில் கோளாறோ, எதிலும் அக்கறையற்ற மந்தமோ, கட்டுப்பாடு தளர்ந்த நடத்தையோ குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் 6 பேர் அதிகக் கதிர் அளவு வாங்கியவர்கள் அல்லது ஒருமுறைக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புண் பெரிதானால் விலையும் பெரிதாகிறது என்பது அப்போது புரிந்தது. அதற்குப் பிறகு கதிர் அளவைக் குறைத்து, புண்ணைச் சிறிதாக்கிச் செய்கிற இடங்களிலிருந்து வருகிற அறிக்கைகளில் புத்திக் குறைவு அரிதாகத்தான் பேசப்படுகிறது. எனவே உங்கள் டாக்டரிடம் "ஆபத்து இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். புண் எந்த அளவு, கதிர் என்றால் எவ்வளவு, ஒரே தடவையா, இதற்கு முன் நீங்கள் செய்தவர்கள் சில வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

"திட்டமிட்டுச் செயல்படுவதில் கோளாறு" என்றால் வீட்டில் அது எப்படித் தெரியும்? நரம்பியல் அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட், மூளையின் முன்பகுதியில் கட்டி இருந்த தன் சொந்த அக்காவுக்கே ஆபரேஷன் செய்தார். மனநோய்க்காக அல்ல, எடுத்த பகுதியும் பெரியது, ஆனாலும் இந்தக் கோளாறை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. அக்கா பேச்சில் நன்றாக இருந்தார், நினைவும் சரியாக இருந்தது. பிற்பாடு ஒருநாள் ஒரு விருந்தாளிக்கும் வீட்டார் நாலு பேருக்கும் சமைக்கத் திட்டமிட்டார், முன்பானால் அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தபோது பார்த்தால் சாமான் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறது, அடுப்பில் ஒன்றிரண்டு ஏறியிருக்கிறது, இறைச்சியில் இன்னும் கை வைக்கவே இல்லை, அக்கா நாள் முழுக்கத் தனியாகப் போராடிக் குழம்பிப்போய் நிற்கிறார். ஒவ்வொரு பதார்த்தமும் அவருக்குச் செய்யத் தெரியும். எதை முதலில், எதை அப்புறம், எதை எதோடு சேர்த்து என்று கோப்பதுதான் போய்விட்டது.

அண்ணன் விஷயத்திலும் ஆபரேஷனுக்குப் பின் நீங்கள் கவனிக்க வேண்டியது இந்தப் பக்கம்தான். 17-ஆம் வாய்ப்பாடு சொல்கிறாரா என்று சோதிப்பதில் பயனில்லை. இன்னொன்று, ஒப்பிடும்போது 18 வயது அண்ணனோடு ஒப்பிடாதீர்கள். 18 வருஷ நோயும் மருந்தும் ஏற்கெனவே வேகத்தையும் கவனத்தையும் தின்றிருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய மாதத்து அண்ணன்தான் அளவுகோல், அதனால் அதற்கு முன்பே நினைவு, கவனம், திட்டமிடல் எல்லாவற்றையும் அளக்கும் முழு நியூரோசைக்காலஜி பரிசோதனை ஒன்று செய்து ஒரு நகலை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிற இடமாக இருந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

கேள்வி: சினிமாவில் காட்டுகிற லோபோடமி இதுதானே? பெயரை மாற்றிவிட்டார்களா?

பதில்: வம்சம் ஒன்றுதான், மறைப்பதற்கில்லை. மூளையின் முன்பகுதியின் இணைப்புகளை அறுக்கிற அந்த ஆபரேஷனைப் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் 1935-ல் தொடங்கி வைத்தார், அதற்காக 1949-ல் நோபல் பரிசே வாங்கினார். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார், 1946 முதல் கண்குழியின் மேற்கூரை வழியாக ஐஸ் உடைக்கிற ஊசி போன்ற கருவியை ஏற்றி ஒரு ஆட்டு ஆட்டினால் முடிந்தது என்கிற அளவுக்குச் சுருக்கினார், இத்தனைக்கும் அவர் அறுவை சிகிச்சை நிபுணரே இல்லை. அமெரிக்காவில் மட்டும் சுமார் 40,000 பேருக்கு நடந்தது என்று கணக்கு. பிற்பாடு ஜனாதிபதியான கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல், 23 வயதில், மண்டையில் துளையிட்டுச் செய்யும் பழைய முறையில் செய்தார்கள். நடையும் பேச்சும் போய், 2005-ல் இறக்கும்வரை பிறர் பராமரிப்பிலேயே இருந்தார்.

எங்கே வெட்டுகிறோம், எவ்வளவு வெட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிட உறுத்துவது, நோயாளி சத்தம் போடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் அதையே வெற்றி என்று எழுதி வைத்தார்கள், பக்கவிளைவையே குணம் என்று எண்ணினார்கள். இன்று ஸ்கேன் பார்த்து, இடத்தைக் கணக்கிட்டு, மில்லிமீட்டர் அளவில் செய்கிறார்கள். கருவியில் வந்த மாற்றம் பெரியது. ஆனால் "அமைதியாக இருக்கிறார்" என்பதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிற பழக்கம் வீட்டாரிடமும் சில டாக்டர்களிடமும் இன்னும் போகவில்லை. முன்பு பதற்றத்தில் கத்தியவர் இப்போது கத்தாமல் ஒரு வேலையாவது தானாகத் தொடங்குகிறாரா என்று பாருங்கள். தொடங்கவில்லை என்றால் அந்த அமைதியைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. ஓசிடி பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஐக்யூ முன்பைவிட 6 புள்ளி கூடியிருக்கிறது, "எல்லாம் நார்மல்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் காலையில் உட்காரவைத்த இடத்தில் மத்தியானம் வரை இருக்கிறார். சொன்னால் செய்கிறார், சொல்லாவிட்டால் எதுவுமில்லை. டாக்டரிடம் சொன்னால் ரிப்போர்ட்டைக் காட்டுகிறார். நான்தான் மிகைப்படுத்துகிறேனா?

பதில்: நீங்கள் மிகைப்படுத்துவதாகத் தெரியவில்லை. ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்றால், அந்த டெஸ்ட் அறையை யோசித்துப் பாருங்கள். சத்தமில்லாத அறை, எதிரில் ஒருவர் உட்கார்ந்து "இதைச் செய்யுங்க, இப்ப இதைச் செய்யுங்க, சரி, நிறுத்துங்க" என்கிறார். எப்போது தொடங்குவது, எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது முடிப்பது என்பதையெல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். உங்கள் கணவரிடம் எது குறைந்திருக்கிறதோ அதைப் பரிசோதகர் தன் கையிலிருந்து போட்டு நிரப்பிவிடுகிறார். வீட்டில் நீங்கள் "எழுந்து குளிங்க" என்று சொன்னால் செய்கிறார் இல்லையா, அதே கதைதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. மூளையின் முன்பகுதியைக் கணிசமாக எடுத்த பிறகும் ஐக்யூ விழாமல் இருக்கலாம் என்று உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1930-களின் இறுதியிலேயே காட்டிவிட்டார். 1991-ல் ஷாலிஸ், பர்ஜஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தலையில் அடிபட்டு முன்பகுதி பழுதான மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். மூவருக்கும் ஐக்யூ சராசரிக்கு மேல். வெளியே அழைத்துப்போய், சில பொருள்கள் வாங்கிக்கொண்டு சில தகவல்கள் விசாரித்துக்கொண்டு குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்துக்கு வாருங்கள் என்று விட்டதும்தான் குளறுபடி வெளியே வந்தது. அறைக்குள் உட்கார்ந்து பார்த்திருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது.

அந்த 6 புள்ளிக்கு இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. ஒரே டெஸ்ட்டை இரண்டாம் முறை எழுதுகிற யாருக்கும் கொஞ்சம் கூடும். பதற்றமும் சந்தேகமும் குறைந்தவர் நேரம் வைத்த கேள்விகளை வேகமாகப் போடுவார். அதை வைத்து மூளை முன்னேறிவிட்டது என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்? "மந்தமாக இருக்கிறார்" என்று டாக்டரிடம் சொன்னால் காற்றோடு போய்விடும். ஒரு வாரம், யாரும் சொல்லாமல் அவராக ஆரம்பித்தது என்னென்ன, சொல்லியபின் செய்தது என்னென்ன, ஆரம்பித்துப் பாதியில் விட்டது எது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். குடும்பத்தார் நிரப்புவதற்கென்றே கேள்வித்தாள்கள் இருக்கின்றன, மந்தத்துக்குத் தனி, அன்றாடத் திட்டமிடலுக்குத் தனி. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். அதோடு இது மனச்சோர்வா, மந்தமா என்று பிரிக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் உள்ளே வலியோடு இருப்பார், மந்தத்தில் இருப்பவருக்கு வலியே இருக்காது, கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். சிகிச்சை வேறு வேறு. ஆபரேஷனுக்கு முன் கொடுத்த அதே டோஸ் மாத்திரைகள் இன்னும் ஓடுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். சில மருந்துகளே இப்படி உட்காரவைக்கும், ஆபரேஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு மருந்தைத் தொடாமல் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு ஓசிடிக்காக மூளையில் எலக்ட்ரோடு வைத்திருக்கிறோம். போன வாரம் செட்டிங் மாற்றியதிலிருந்து ராத்திரி தூக்கமில்லை, ஓயாத பேச்சு, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பணம் அனுப்புகிறான். ஆனால் 18 வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. கெடுக்க மனமில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் மருத்துவக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். இது ஹைப்போமேனியா, அதாவது அளவு மீறிய உற்சாக நிலை போலத் தெரிகிறது, ஆழ்மூளைத் தூண்டல் என்கிற இந்த எலக்ட்ரோடு முறையில் நன்கு தெரிந்த விளைவு, பெரும்பாலும் மின்னோட்டத்தைக் குறைத்தாலோ தூண்டும் புள்ளியை மாற்றினாலோ அடங்கிவிடும். நீங்களாகக் கருவியை அணைக்க வேண்டாம், திடீரென்று அணைத்தால் ஓசிடியும் மனச்சோர்வும் வேகமாகத் திரும்பலாம். அவர்கள் சரி செய்யும்வரை வங்கி அட்டையும் போனில் உள்ள பணச் செயலியும் உங்கள் கையில் இருக்கட்டும்.

இதுவும் புத்தி சம்பந்தப்பட்ட பக்கவிளைவுதான். நினைவு சரியாக இருக்கும், கணக்கு சரியாக இருக்கும், பிரேக் மட்டும் வேலை செய்யாது. தம்பியின் சந்தோஷம் உண்மையாக இருந்தாலும் முடிவெடுக்கும் திறன் இந்த வாரம் அவரிடம் இல்லை.

எலக்ட்ரோடு முறையை நிறையப் பேர் விரும்புவதே அதைத் திருப்பிக்கொள்ளலாம் என்பதால்தான். பெருமளவு உண்மைதான். பிரான்சில் 16 ஓசிடி நோயாளிகளிடம் கருவியை மூன்று மாதம் ஓட்டியும் மூன்று மாதம் ஓட்டாமலும் பார்த்து 2008-ல் எழுதினார்கள். ஓடியபோது ஓசிடி குறைந்தது, நினைவு, கவனம் போன்ற அளவுகள் மாறவில்லை. ஆனால் அதே ஆய்வில் ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு, இரண்டு பேருக்குத் தொற்று. மின்சாரத்தை அணைக்கலாம், ஊசி போன வழியை அழிக்க முடியாது. பார்க்கின்சன் நோய்க்கு இதே சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அடிக்கடி தென்படுகிற குறை, ஒரு நிமிடத்தில் எத்தனை வார்த்தை சொல்ல முடியும் என்ற சோதனையில் ஏற்படும் சரிவு. அதையும் உங்கள் தம்பிக்கு அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

தூண்டும் இடம் மாறினால் விளைவும் மாறும். 2019-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில் ஒரே ஆறு பேருக்கு இரண்டு இடங்களில் எலக்ட்ரோடு வைத்துப் பார்த்தார்கள். ஓசிடி இரண்டிலும் குறைந்தது. ஒரு இடத்தில் மனநிலை கூடுதலாகத் தேறியது, மற்ற இடத்தில் யோசனையை மாற்றிக்கொள்ளும் வளைவுத்திறன் தேறியது. ஆறே பேர்தான், இருந்தாலும் ஆபரேஷன் என்றாலே புத்தி ஒரு படி இறங்கத்தான் வேண்டும் என்பது விதியில்லை.

கேள்வி: எனக்கே ஓசிடி. கேஸை மூடினேனா என்று இருபது தடவை பார்ப்பேன், இருபதாவது தடவையும் ஞாபகம் இருக்காது. ஏற்கெனவே இவ்வளவு மறதி, ஆபரேஷன் வேறு செய்தால்?

பதில்: உங்களுக்கு மறதி இல்லாமல் இருக்கலாம். 2003-ல் நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். நோய் எதுவும் இல்லாதவர்களைக் கம்ப்யூட்டரில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். கடைசித் தடவை எந்த பர்னரைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது பதில் சரியாகத்தான் வந்தது, ஆனால் அந்த நினைவு மங்கலாகவும் நம்பிக்கையில்லாமலும் இருப்பதாகச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பதே அந்த நம்பிக்கையை அரித்துவிடுகிறது. பரிசோதனை செய்து பாருங்கள், நினைவு மதிப்பெண் நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருந்தாலும் இருக்கும். அந்த பயத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: ஷாக் ட்ரீட்மெண்டும் இதே வகையா?

பதில்: இல்லை. அதில் மூளையில் வெட்டும் இல்லை, புண்ணும் இல்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்வது. அதன் பக்கவிளைவு நினைவுப் பக்கம் வரும், சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்குக் கொஞ்சம் முந்தைய சம்பவங்களும் சிலருக்கு விட்டுப்போகும். கடும் மனச்சோர்வுக்கு ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை முயன்று பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: 16 வயது மகன் பேச்சே கேட்பதில்லை, கோபம் வந்தால் சாமான்களை உடைக்கிறான். ஆபரேஷன் செய்தால் சாதுவாகிவிடுவானா?

பதில்: வேண்டாம், இந்த யோசனையே வேண்டாம். 1960-ல் ஹோவர்ட் டல்லி என்ற 12 வயதுப் பையனை, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று மாற்றாந்தாய் அழைத்துப்போய் ஃப்ரீமனிடம் லோபோடமி செய்ய வைத்தார். பிற்பாடு டல்லி பெரியவராகி, தன் தலையில் என்ன நடந்தது என்று தானே தேடிப்போய் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாதுவாக்குவது என்பது சிகிச்சையின் நோக்கமாகவே இருக்கக் கூடாது. இந்த ஆபரேஷன்கள் தன் நோயால் தானே வதைபட்டு, எல்லா வழியும் அடைபட்டு, என்ன செய்யப்போகிறார்கள் என்று புரிந்து, தானே சம்மதிக்கிற பெரியவர்களுக்கு மட்டும். உங்கள் மகனை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், அவன் பக்கத்துக் கதையையும் அங்கே யாராவது கேட்கட்டும்.

கேள்வி: காமா கதிர் முறையில் செய்து எட்டு மாதம் ஆகிறது. நன்றாக இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். ஆனாலும் ஸ்கேனுக்கும் டெஸ்ட்டுக்கும் வா வா என்கிறார்கள். அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். வெப்பத்தால் செய்தது அன்றைக்கே முடிந்துவிடும், கதிர் அப்படியல்ல, மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். நன்மையும் தாமதமாக வரும், வீக்கமும் தாமதமாக வரலாம், சிலருக்கு வருடங்கள் கழித்து அந்த இடத்தில் நீர்க்கட்டி தோன்றியிருக்கிறது. நன்றாக இருந்தவரிடம் புதிதாகத் தலைவலியோ, மந்தமோ, இடம் பொருள் பார்க்காத பேச்சோ தென்பட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. எடையையும் குறித்து வாருங்கள், கேப்சுலோடமிக்குப் பின் அது ஏறுவது சகஜம். இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். மந்தமும் கட்டுப்பாட்டுத் தளர்ச்சியும் வந்தவருக்குத் தனக்கு வந்திருப்பது தெரிவதில்லை. கூட வசிக்கிற ஒருவரை உள்ளே அழைத்துப்போய், நீங்கள் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்துகொண்டு அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.